முள் போர்த்திய மேடு

கோவிந்தம்மா பதினோரு வருஷமாக முழங்காலுக்கு மேல் வளர்கிற எதையும் விதைத்ததில்லை. கேழ்வரகு கிடையாது, கம்பு கிடையாது, ஓரத்துக்கு நாலு ஆமணக்குகூடக் கிடையாது. வேர்க்கடலை, சர்க்கரைவள்ளி, தரையோடு படர்கிற பூசணி, அவ்வளவுதான்.

புதுவாயலில் ஜி.என்.டி. ரோட்டை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் ஏரிக்கரையை ஒட்டி எருக்கமேடு வரும். மேட்டின் அடியில் காலனி. முப்பத்திரண்டு குடிசை, ஒரு கிணறு, பஞ்சாயத்து ரேடியோ வைக்கக் கட்டிய ஓட்டு அறை ஒன்று. மேடு சர்க்காருடையது, மேய்ச்சல் புறம்போக்கு. கூலிக்குப் போய்வந்த நேரம் போக மிச்ச நேரத்தில் காலனியின் பதினாலு வீட்டார் அதைக் கொத்தி, கல் பொறுக்கி, பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்குச் சரிவில் ஒன்றரை ஏக்கர் கோவிந்தம்மாவுடையது. அவளுடையது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

சர்க்கார் ஜீப் ரோட்டை விட்டு இறங்குகிறது என்று சேதி வந்தால் காலனியே மேட்டுக்கு ஓடும். வேலிக்காத்தான் முள்ளை முன்னாலேயே வெட்டிக் குவித்து வைத்திருப்பார்கள். கவைக்கம்பால் இழுத்து வந்து பயிரின் மேல் பரப்புவார்கள். அரைமணிக்குள் மேடு முழுக்க முள்ளாகிவிடும். ஏரிக்கரை மேல் நின்று பார்க்கிற ஆபீசருக்கு அங்கே ஆடு மேயக்கூட வழியில்லை என்றுதான் தோன்றும். ஏறி வந்து பார்க்க அவர் செருப்பு இடம் கொடுக்காது. ஊர்க் கர்ணத்துக்கு எல்லாம் தெரியும். அறுப்புக்கு அறுப்பு அவர் வீட்டுக்கு ஒரு மூட்டை கடலை போய்ச் சேர்ந்தது. அதனால் அவர் கணக்கிலும் அது முள்தான். இரண்டு நாள் மூடிக் கிடந்தால் கடலைச் செடிக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாம் நாள் வெளுக்கும், அதற்குள் எடுத்துவிட வேண்டும். நெட்டையான பயிர் இதற்கு ஒத்துவராது, முள்ளைக் குத்திக்கொண்டு தலை நீட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வழியைக் கண்டுபிடித்தவளே கோவிந்தம்மாதான். அறுபத்திரண்டில் ஒரு கிராம சேவகர் காலனிக்கு வந்தார். நல்ல மனுஷன். ஜனங்களோடு உட்கார்ந்து கூழ் குடித்தார். யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டபோது கோவிந்தம்மாவின் புருஷன் ராஜவேலு மார்தட்டிச் சொன்னான், ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு, ஒவ்வொரு கல்லும் என் கையால் பொறுக்கினது என்று. அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார். எழுதியது எந்த வழியாகவோ போய் எந்த மேஜையிலோ விழுந்தது. கதிர் முற்றுகிற சமயத்தில் ஆட்கள் வந்து ஊர் மாடுகளை உள்ளே ஓட்டிவிட்டார்கள். குறுக்கே நின்ற ராஜவேலுவைப் பிடித்துப்போய் ஒரு பகல் முழுக்க வெயிலில் குந்த வைத்தார்கள். வீடு திரும்பியவன் அப்புறம் மேட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. மறு வருஷம் காய்ச்சல் கொண்டுபோயிற்று. கேழ்வரகு போனதற்கா, வெயிலில் குந்தியதற்கா, எதற்காக அவன் செத்தான் என்று கோவிந்தம்மாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகியிருந்தது. பேனா வைத்திருக்கிறவனிடம் பயிர் இருக்கிறது என்று சொல்லக்கூடாது.

1972 ஜூனில் பாக்கியநாதன் ஒரு டிரங்குப் பெட்டியும் கோரைப்பாயுமாக ரேடியோ அறைக்குக் குடிவந்தான். இருபத்திரண்டு வயது. திருவாலங்காடு ஸ்டேஷனுக்கு அப்பால் ஒரு பண்ணையில் அவன் அப்பா ஆசீர்வாதம் ஆளாக இருந்தார். அவருடைய அப்பாவும் அதே பண்ணையில்தான் இருந்து செத்தார். பாக்கியநாதன் மிஷன் ஹாஸ்டலில் தங்கி பி.யூ.சி. வரை படித்து, ஊர் வளர்ச்சிப் பயிற்சிக்கு எடுபட்டிருந்தான். பத்து மாதம் ஒரே ஊரில் தங்க வேண்டும், ஜனங்களோடு பழகி வேலை கற்க வேண்டும், முடிவில் வீட்டுக்கு வீடு விவரம் எடுத்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை தேறினால் சான்றிதழ். தேறிய முப்பது பேரில் நாலு பேருக்கு ஊர்நல அலுவலர் வேலை. நாலில் ஒருவனாக வந்துவிட்டால் அப்பாவைப் பண்ணையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அவன் கூச்சக்காரன். எதிரில் நின்று யாராவது பேசினால் அவர்களுடைய கால்விரலைப் பார்த்துப் பதில் சொல்வான். அவர்கள் திரும்பி நடந்ததும் முதுகையும் நடையையும் கை வீச்சையும் விடாமல் பார்ப்பான். மெட்ராசிலிருந்து தபாலில் வருகிற ஒல்லியான கவிதைப் பத்திரிகை ஒன்றைச் சுருட்டி எப்போதும் கையில் வைத்திருப்பான். லாரிக்கு மணல் வாருகிற தணிகாசலம் ஒருநாள் அதைப் பிடுங்கிப் புரட்டிவிட்டு, "இன்னா சார், வரி அல்லாம் பாதிலயே ஒட்ஞ்சி பூட்ச்சி? பேப்பர் பத்தலயா?" என்று கேட்டான். கிணற்றடியே சிரித்தது. அன்றிலிருந்து பாக்கியநாதன் காலனிக்கு 'வளர்ச்சி சார்' ஆனான். காலையில் அவன் பல் விளக்கும்போது தணிகாசலம் கடந்து போனால், நாங்க எவ்ளோ வளந்துக்கீறோம் பாரு என்று தலையில் கைவைத்து உயரம் காட்டிவிட்டுப் போவான்.

கோவிந்தம்மா அப்படிக் கேலி செய்யவில்லை. வந்த வாரமே எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தாள். பண்ணை ஆள் என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னதும் அவளுக்குப் போதுமாயிருந்தது. நம்ப புள்ளதான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அதனால்தான் ஜூலையில் ஜீப் வந்த அன்று அவனிடமிருந்து யாரும் மேட்டை மறைக்கவில்லை. ஒரு கவைக்கம்பை அவன் கையிலும் கொடுத்தார்கள். அவனும் முள் இழுத்தான். உள்ளங்கையில் ஏறிய முள்ளைக் கோவிந்தம்மாதான் ஊக்கால் நெருடி எடுத்தாள். ஐப்பசியில் கடலை பிடுங்கியபோது அவனைக் கூப்பிட்டு வரப்பில் உட்காரவைத்து, மண் உதறி, மடி நிறையக் கொட்டினாள். அறுப்பு முடிகிற வரை வேகவைத்த கடலைதான் அவனுக்கு நாஷ்டா.

அந்த மேட்டைப் பற்றி அவன் ஒரு கவிதை எழுதினான்.

முள்ளை விலக்கிப் பார்
கடலை பூத்திருக்கிறது
யாரிடமும் சொல்லாதே

இப்படி முடியும். மெட்ராசுக்கு அனுப்பினான். மாசியில் அது அச்சாகி வந்தது. அந்தப் பத்திரிகை அச்சாவது மொத்தம் முந்நூறு பிரதி.

பயிற்சி மும்முரமாக நடந்தது. பயிற்சி அதிகாரி துளசிராமன் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டாயா என்று கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்க மாட்டார். காலனிக்கு ஆறு புகையில்லா அடுப்பு கட்ட வேண்டும் என்று அவர் சொல்ல, பாக்கியநாதன் களிமண் பிசைந்து, குழாய் வைத்து, ஆறையும் கட்டி முடித்தான். ஒன்றை எடுப்பாகக் கோவிந்தம்மா வீட்டில் கட்டினான். அவளுடைய பானை அந்த வாயில் உட்காரவில்லை. விறகும் இரட்டிப்பாகத் தின்றது. இரண்டு நாள் பார்த்துவிட்டு வெளியே மூன்று கல் வைத்துச் சமைக்கத் தொடங்கினாள். புது அடுப்பு கதகதப்பாக இருக்கிறது என்று அதற்குள் கோழியை அடைக்கு வைத்தாள். பதினோரு குஞ்சு பொரித்தது. தணிகாசலம் வழியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வளர்ச்சி சாரின் அடுப்பைக் காட்டினான்.

மாத அறிக்கையில் 'கட்டப்பட்டவை' என்று ஒரு கட்டம், 'பயன்பாட்டில் உள்ளவை' என்று ஒரு கட்டம். முதல் கட்டத்தில் ஆறு போட்டுவிட்டு இரண்டாவதில் என்ன போடுவதென்று பாக்கியநாதன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். துளசிராமன் எட்டிப் பார்த்து, ரெண்டு கட்டமும் ஒண்ணா இருந்தாத்தாம்பா பார்வையா இருக்கும் என்றார். பாக்கியநாதன் அதிலும் ஆறு போட்டான். வாசலில் நின்ற தணிகாசலத்தின் காதில் இதெல்லாம் விழுந்தது. அடுத்த மாதம் பேனாவைக் கடிக்கவில்லை.

பிப்ரவரியில் கடைசி வேலைக்கான படிவங்கள் வந்தன. வீட்டுக்கு ஒரு தாள். என்ன தொழில், எத்தனை உயிர், எத்தனை மாடு, எங்கே என்ன பயிர் என்று கேட்டு எழுதி, வீட்டாரிடம் கைநாட்டு வாங்க வேண்டும். அடியில் 'பயிற்சியாளர் நேரில் கண்டது' என்று மூன்று வரி அளவுக்கு ஒரு கட்டம். அதைத் தன் கண்ணால் பார்த்து நிரப்ப வேண்டும்.

படிவங்களைக் கொடுத்துவிட்டுத் துளசிராமன் குரலைத் தாழ்த்தினார். எருக்கமேட்டைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கப் போகிறார்கள். இன்னும் வெளியே தெரியாது. மேட்டில் பயிர் வைத்து அனுபவித்தவர்கள் என்று பதிவில் இருந்தால் புறம்போக்கானாலும் வீட்டுக்கு ஒரு ஆளுக்கு ஃபேக்டரியில் நிரந்தர வேலை. கர்ணம் கணக்கில் முள் என்றுதான் இருக்கிறது. அதனால் பயிற்சிக்காரன் எடுக்கிற இந்த விவரத்தைத்தான் பார்ப்பார்கள். பிப்ரவரி பதினைந்தாம் தேதிக்கு முன்னால் பயிர் இருந்ததா இல்லையா, அதுதான் கேள்வி.

பாக்கியநாதனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஒரு கையெழுத்தில் பதினாலு வீட்டுக்குச் சோறு. நேரே மேட்டுக்குப் போனான். மார்கழி பிறந்ததும் போட்ட கடலை சரிவெல்லாம் பச்சையாக நின்றது. கோவிந்தம்மா குந்திக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் தாளைக் கண்டதும் களைக்கொட்டைக் கீழே வைத்தாள். வந்த விஷயத்தை அவன் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னான். பேட்டை வருகிறது, பயிர் இருக்கிறது என்று சொன்னால் வேலை, சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

அவள் தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "யார்கிட்ட காட்டப் போற இத்த?" என்றாள்.

ஆபீசில் என்றான்.

"எங்க ஊட்டுக்காரு கிட்டயும் அந்த கிராம சேவகரு நல்லதுதான் சொன்னாரு. கெணறு வெட்டித் தருவாங்க, வெதை குடுப்பாங்கன்னாரு. அந்த சேவகரும் உன்ன மாதிரியேதான் தம்பி. தலைய குனிஞ்சிக்கினே பேசுவாரு."

"பெரிம்மா, நான் உங்கள ஏமாத்துவனா?"

"நீ ஏமாத்த மாட்ட நைனா. உன் கையில கீற பேப்பரு ஏமாத்தும்."

அவன் மன்றாடிப் பார்த்தான். அவள் இளகவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கடலைச் செடிகளின் நடுவே குந்தியபடியே கட்டைவிரலை நீட்டினாள். "எழுதிக்கோ. முள்ளு. முள்ளத் தவிர இங்க ஒண்ணும் இல்ல."

அவன் எழுதினான். அவள் கைநாட்டு வைத்தாள். மீதிப் பதின்மூன்று வீட்டுக்கும் அவள் சொன்னதே சொல். தணிகாசலம் மட்டும் கொஞ்சம் யோசித்தான். வேலை இன்னா வேலை, உள்ள குந்திக்கினு செய்யறதா, வெயில்ல நின்னுகினு செய்யறதா என்று கேட்டான். அப்புறம் அவனும் கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முள் என்றான்.

பதினாலு தாளிலும் அடிக்கட்டம் மிச்சமிருந்தது. நேரில் கண்டது. பாக்கியநாதன் தாள்களை எடுத்துக்கொண்டு துளசிராமனிடம் போனான். ஜனங்கள் பயந்துகொண்டு மறைக்கிறார்கள், பயிர் இருக்கிறது, நான் பார்த்ததை எழுதலாமா என்று கேட்டான்.

"எழுதலாம், யாரு வேணாங்கறா?" என்றார் அவர். ஆனால் கைநாட்டும் குறிப்பும் ஒத்துப்போகாவிட்டால் படிவம் திரும்பும், மறுவிசாரணை வரும், இரண்டு மாதமாவது ஆகும் என்று விளக்கினார். "ஆர்டர் அடுத்த மாசம் வந்துடும். உன் பேரு நாலாவதா இருக்கு. அஞ்சாவது ஆளு தெனம் வந்து ஆபீஸ் வாசல்ல நிக்கறான். படிவம் திரும்பின ஆளுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

ரேடியோ அறைக்குத் திரும்பி வந்த பாக்கியநாதன் தாள்களைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பயிர் உண்டு என்று எழுதினால் ஆபீசர் மேட்டுக்கு ஏறி வருவார், வந்தால் கடலையை அழித்தாலும் அழிப்பார், பழையபடி மாட்டை விட்டாலும் விடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படி நடக்காது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிக்கொள்ள நன்றாக இருந்தது. அவர்களே வாயால் சொன்னதை மீறி எழுத நான் யார் என்றும் சொல்லிக்கொண்டான். அது இன்னும் நன்றாக இருந்தது. பதினாலு கட்டத்தையும் காலியாக விட்டு, தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டான். பொய் என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

மார்ச் இரண்டாம் வாரம் தமுக்கடித்தார்கள். பேட்டை வருகிறது, மேட்டில் அனுபவம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம், விசாரணை ரேடியோ அறையில். தம்பி சொன்னது சத்தியம்தான் என்று அப்போதுதான் காலனிக்கு உறைத்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக முள்ளை மொத்தமாக இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். மேடு பச்சையாக வெயிலில் கிடந்தது. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூடத் தெரிந்தது.

நில எடுப்புத் தாசில்தார், ஒரு குமாஸ்தா, துளசிராமன் மூன்று பேரும் பாக்கியநாதனின் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அவன் சுருட்டி வைத்த பாய் மூலையில் நின்றது. அவன் அதற்குப் பக்கத்தில் நின்றான். வாசலில் பதினாலு வீட்டாரும் நின்றார்கள். கோவிந்தம்மா வேரோடு பிடுங்கிய கடலைச் செடி ஒரு கொத்தைக் கையில் பிடித்திருந்தாள். மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

தாசில்தார் முதலில் கர்ணத்தின் கணக்கைப் படித்தார், முள். பிறகு பயிற்சிக்காரனின் படிவத்தைப் படித்தார், முள். கைநாட்டு இருக்கிறதே என்றார். பயத்தில் சொன்னோம் சார் என்றார்கள். மேட்டுக்கு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். இன்றைக்கு இருக்கிறது கேள்வியில்லை, தேதிக்கு முன்னால் இருந்ததா என்றுதான் கேள்வி என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

கோவிந்தம்மா செடியை மேஜை மேல் வைத்தாள். "மூணு மாசம் ஆவாம கடலை காய் புடிக்காது சார். வேருல பாருங்க."

அவர் பார்த்தார். காய் பிடித்திருந்தது. விவசாயக் குடும்பத்துக்காரர் போலிருக்கிறது, விரலால் ஒரு காயை அழுத்திக்கூடப் பார்த்தார். செடி எந்த ஊரிலும் கிடைக்குமே என்று குமாஸ்தா முணுமுணுத்தான். தாசில்தார் அதற்குப் பதில் சொல்லாமல் பாக்கியநாதன் பக்கம் திரும்பினார்.

"பத்து மாசமா இங்கயே இருந்திருக்கே. கட்டத்தக் காலியா விட்டிருக்கே. வாயால சொல்லு போதும், நான் எழுதிக்கறேன். இவங்க பயிர் வெச்சிருந்தாங்களா?"

துளசிராமன் ஜன்னலைப் பார்த்தார். அவருடைய தோல்பை மடியில் இருந்தது. வேலை உத்தரவுகள் அதற்குள் வந்துவிட்டன என்று காலையில்தான் சொல்லியிருந்தார். உண்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று பாக்கியநாதனுக்குத் தெரியும். பிறகு ஏன் எழுதவில்லை? அவன் கோவிந்தம்மாவின் கால்விரலைப் பார்த்தான். விரலிடுக்கில் மேட்டு மண் ஒட்டியிருந்தது.

"அவங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேன் சார்."

தாசில்தார் காலிக் கட்டத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

வாசலில் நின்ற தணிகாசலம் சிரித்தான். "கோழி அட குந்தின அடுப்ப எரியுதுன்னு எழுதுன கையி சார் அது. மடி நெறைய கடலைய வாங்கித் துன்னுட்டு முள்ளுன்னு எழுதிச்சி பாரு. வளர்ச்சின்னா இதான் வளர்ச்சி."

கோவிந்தம்மா அவன் பக்கம் திரும்பினாள். "வாய மூடுடா. தம்பி வந்து கெஞ்சிச்சி. சொல்லு பெரிம்மா, வேலை வரும்னு சொல்லிச்சி. நான்தான் முள்ளுன்னேன். அது மேல பழி போடாத." தாசில்தாரைப் பார்த்து, "தம்பி பொய் எழுதாது சார்" என்றாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அடியில் ஒரு கட்டம் இருப்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. தாசில்தார் கட்டம் என்று சொன்னது அவள் காதில் விழுந்ததே தவிர அது என்னவென்று புரியவில்லை. பாக்கியநாதனுக்கு மட்டும் அது புரிந்தது. இப்போதாவது வாயைத் திறக்கலாம் என்றும் தெரிந்தது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

விசாரணை முடிந்து ஜனங்கள் கலைந்தார்கள். தாசில்தார் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். செடி மேஜை மேலேயே கிடந்தது. குமாஸ்தா காகிதங்களைக் கட்டிவிட்டு, ஒரு காயைப் பறித்து உடைத்து வாயில் போட்டான். "பால் கடலை. தேனா இருக்கு சார்" என்று துளசிராமனுக்குக் கொஞ்சம் பறித்துக் கொடுத்தான். பாக்கியநாதனிடமும் ஒரு பிடி நீட்டினான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். பாக்கியநாதன் வாங்கித் தின்றான். தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை உத்தரவு கையில் கிடைக்க வேண்டுமானால் ஒரு வேலைதான் பாக்கி. பயிற்சி முடிக்கிற ஒவ்வொருவரும் 'பயிற்சியில் நான் கற்றது' என்று மூன்று பக்கம் எழுதித் தர வேண்டும். நல்ல கட்டுரையை அச்சடித்து அடுத்த வருஷம் வருகிற பையன்களுக்குக் கொடுப்பார்கள். வெறும் உபதேசமாக இல்லாமல் மனசைத் தொடுகிற மாதிரி ஒரு சம்பவம் வைத்து எழுது, உனக்குத்தான் கவிதை வருமே என்று துளசிராமன் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் பாக்கியநாதன் பாயில் குப்புறப் படுத்து எழுதினான். கை தடங்கலில்லாமல் ஓடியது. மக்களிடம் செல், அவர்களோடு வாழ், அவர்கள் வார்த்தைக்கு மரியாதை கொடு, உன் விருப்பத்தை அவர்கள் மேல் திணிக்காதே என்று எழுதினான். சம்பவத்துக்கு வந்தான். எருக்கமேட்டில் ஓர் ஏழைத்தாய் இருக்கிறார், என்னைத் தம் பிள்ளைபோல் நடத்தினார், கையில் ஏறிய முள்ளைத் தம் கையால் எடுத்தார், தம்மிடம் இருந்த கடலையை மடி நிறையக் கொடுத்துப் பசியாற்றினார் என்று எழுதிக்கொண்டே போனவன் அங்கே நிறுத்தினான்.

கடலை எங்கேயிருந்து வந்தது என்று யாராவது கேட்கலாம்.

'கடலை' என்பதை அடித்துவிட்டு மேலே 'கூழ்' என்று எழுதினான். மடி நிறையக் கூழ் கொடுக்க முடியாது. 'மடி'யை அடித்துவிட்டுக் 'குவளை' என்று எழுதினான். முள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

சித்திரையில் மேட்டில் மண் தள்ளுகிற வண்டி ஏறியது. பிடுங்காத கடலையும் சேர்ந்து புரண்டது. அவசரமாக ஓடி அள்ளினவர்கள் அள்ளினார்கள். பதினாலு வீட்டில் ஒரு வீட்டுக்கும் வேலை இல்லை. காம்பவுண்டுச் சுவர் எழும்பியபோது கான்ட்ராக்டரிடம் சித்தாளாகச் சேர்ந்து, தன் ஒன்றரை ஏக்கரின் மேல் கோவிந்தம்மாவும் கலவைச் சட்டி தூக்கினாள். சுவர் ஓர் ஆள் உயரத்துக்கு வந்ததும் அந்த வேலையும் முடிந்தது. பாக்கியநாதன் அந்த வழியாகச் சைக்கிளில் இரண்டொரு தடவை போக நேர்ந்தது. அவள் தூரத்திலிருந்தே பார்த்து, சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தம்பி ஆபீசர் ஆய்ட்டாரு என்று பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். அவன் பெல் அடித்தான். ஆசீர்வாதம் பண்ணையை விட்டு வெளியே வந்து மகனோடு கும்மிடிப்பூண்டியில் ஓட்டு வீட்டில் இருந்தார். பையன் ஜனங்களுக்கு நல்லது செய்கிற வேலையில் இருக்கிறான் என்று ஆராதனை முடிந்ததும் எல்லோரிடமும் சொல்வார்.

ஜூனில் புதுப் பயிற்சிக்காரர்கள் முப்பது பேர் வந்தார்கள். துளசிராமன் ஆளுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுத்தார். அதில் முதல் கட்டுரை பாக்கியநாதனுடையது. அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஏழைத்தாய் வருகிற இடத்தில் ஒரு பையன் பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டான்.

அச்சில் கூழ் என்றுதான் இருந்தது.